திரி காயக் கூடாது

சிகரெட்டை விட்டு வேப்புக்கு, அதாவது மின்சிகரெட்டுக்கு, மாறியவர்களில் பலர் சில வாரங்களிலேயே பழைய பாக்கெட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். "அதுல ஒண்ணும் இல்லைங்க, வெறும் காத்து" என்பது ஒன்று. "தீஞ்ச வாடை அடிக்குது, தொண்டை எரியுது" என்பது இன்னொன்று. இந்த இரண்டு குறையையும் சரிசெய்யலாம். அதற்குப் புதுக் கருவி வாங்கவேண்டிய அவசியம்கூடப் பல நேரம் இருக்காது. ஆனால் யாராவது உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். கடையில் கூட்டம் நிற்கும், கல்லாவில் இருக்கும் பையனுக்கு அதற்கு நேரம் இருக்காது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் இருப்பது கிழக்கு லண்டனில். இங்கே வேப் சட்டப்படி விற்கிறார்கள். புகையை விட நினைப்பவர்களுக்கு அரசின் சுகாதார சேவையே இதை ஒரு வழியாகச் சொல்கிறது. கல்லூரியில் தொற்றிக்கொண்ட சிகரெட்டை நான் கைவிட்டதும் இதை வைத்துத்தான். எங்கள் பக்கம் ஓட்டல்களிலும் கிடங்குகளிலும் வேலை பார்க்கும் நம்மவர்கள் நிறையப் பேர் இப்போது இதை முயன்று பார்க்கிறார்கள். அவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். சிகரெட், பீடி எதுவும் பிடிக்காதவர் என்றால் இந்தப் பதிவு உங்களுக்கு இல்லை. வேப்பைத் தொடவே தொடாதீர்கள், நிகோட்டின் ஒட்டிக்கொண்டால் லேசில் விடாது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விற்பது இங்கே குற்றம். அந்தச் சட்டம் சரியானது.

முதலில் அந்த ஆவி எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம். சிகரெட்டில் புகையிலை எரிகிறது. நாம் இழுக்கும்போது அதன் நெருப்பு முனை 900 டிகிரி செல்சியஸ் வரைக்கும் போகும். தாரும் கார்பன் மோனாக்சைடும் அந்த எரிதலில் பிறப்பவை. வேப்பில் எதுவும் எரியக் கூடாது. புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் என்ற இரண்டு திரவங்களின் கலவையில் நிகோட்டினும் வாசனையும் சேர்த்திருப்பார்கள். முதலாவதைக் கடைகளில் பி.ஜி. என்றும் இரண்டாவதை வி.ஜி. என்றும் சொல்வார்கள். ஒரு சிறிய கம்பிச்சுருள் சூடாகி அந்த லிக்விடை ஆவியாக்கும். நாம் இழுக்கும் காற்றில் பட்டதும் ஆவி குளிர்ந்து நுண்துளிகளாகும். நாம் பார்க்கும் வெள்ளைப் படலம் அந்தத் துளிகள்தான். பி.ஜி. 188 டிகிரியில் கொதிக்கும், வி.ஜி. 290 டிகிரியில் கொதிக்கும். 

கம்பிச்சுருளைக் காயில் என்கிறோம். அதைச் சுற்றிப் பஞ்சு இருக்கும். டேங்கில் இருக்கும் லிக்விடைப் பஞ்சு உறிஞ்சி, காயில் வரைக்கும் கொண்டுவந்து சேர்க்கும். நம் வீட்டு அகல்விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பது போலத்தான். எண்ணெய் இருக்கும் வரை திரி கருகாது, எண்ணெய் வற்றினால் திரியே எரிய ஆரம்பிக்கும். இந்தப் பதிவில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போவதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: பஞ்சு எப்போதும் நனைந்தே இருக்க வேண்டும். நல்ல ஆவி என்பதில் முக்கால்வாசி இதில் அடங்கிவிடும்.

ஈஸ்ட் ஹாமில் ஓர் ஓட்டலில் தோசை மாஸ்டராக இருப்பவர் ஒருநாள் தன் கருவியை என் கையில் கொடுத்தார்.

"தம்பி, புது காயில் மாட்டினேன். மாட்டின அன்னிக்கே தீஞ்சு போச்சு. கடைக்காரன் ஏமாத்திட்டான்."

"மாட்டின பிறகு எவ்வளவு நேரம் ஊற விட்டீங்க மாஸ்டர்?"

"எதுக்கு ஊறணும்? மாட்டினேன், ஊத்தினேன், இழுத்தேன்."

அந்தக் காயிலைக் குறடு வைத்துப் பிளந்து காட்டினேன். விரல்நுனி அளவுள்ள உலோகக் குழாய்தான் அது. உள்ளே வலை போன்ற தகடு ஒன்று சுருண்டிருந்தது, அதைச் சுற்றிப் பஞ்சு. பஞ்சின் வெளிப்பக்கம் வெள்ளை வெளேரென்று புதுசாகவே இருந்தது. தகட்டை ஒட்டியிருந்த உள்பக்கம் மட்டும் கருகி, நகம் பட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. மாஸ்டர் அதை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "இதே நாத்தம்தான் தம்பி" என்றார். லிக்விட் உள்ளே வந்து சேர்வதற்கு முன்பே சூடு வந்துவிட்டது, அவ்வளவுதான் நடந்தது. கருகிய பஞ்சை எதைச் செய்தாலும் மீட்க முடியாது. தண்ணீரில் கழுவிக் காயவைத்து மாட்டினாலும் அந்த வாடை போகாது. தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான்.

ஆகவே புதுக் காயில் மாட்டும்போது, அதன் பக்கவாட்டுத் துளைகளில் தெரியும் பஞ்சின் மேல் சில சொட்டு லிக்விட் விடுங்கள். டேங்கை நிரப்பி, நிமிர்த்தி வைத்துவிட்டுப் பத்து நிமிடம் வேறு வேலை பாருங்கள். திரும்பி வந்ததும் பட்டனை அழுத்தாமல் இரண்டு மூன்று முறை லேசாக இழுத்துவிடுங்கள். முதல் சில இழுப்புகளைக் குறைந்த வாட்டில் எடுத்து, மெல்ல ஏற்றுங்கள். டேங்கில் லிக்விட் அடிமட்டத்துக்குப் போகும் வரைக்கும் காத்திருக்காமல், பஞ்சுத் துளை வெளியே தெரியத் தொடங்கும்போதே நிரப்பிவிடுங்கள். மூச்சுவிடாமல் தொடர்ந்து இழுத்துக்கொண்டே இருந்தாலும் பஞ்சு காயும். ஓர் இழுப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே அரை நிமிடமாவது விட்டால் பஞ்சு மீண்டும் நனைந்துகொள்ளும்.

இப்போது லிக்விடுக்கு வருகிறேன். வி.ஜி. கெட்டியானது, பி.ஜி. நீர்த்தது. வி.ஜி. அதிகம் இருந்தால் படலம் அடர்த்தியாக வரும், தொண்டையில் மென்மையாக இறங்கும். பி.ஜி. அதிகம் இருந்தால் தொண்டையில் ஒரு பிடிப்பு இருக்கும், வாசனையும் தெளிவாகத் தெரியும். இதைக் கேட்டதும் "எனக்கு ஆவி நிறைய வேணும், 70 சதவீதம் வி.ஜி. கொடு" என்று கேட்டு வாங்கிவிடுகிறார்கள். அதைக் கொண்டுபோய்ப் பாட் எனப்படும் சின்னக் கருவியில் ஊற்றுகிறார்கள். அந்தக் கருவியின் பஞ்சுத் துளை ஊசிமுனை அளவுதான் இருக்கும். கெட்டி லிக்விட் அதற்குள் நுழையவே திணறும், பஞ்சு காயும், கருகும். லண்டன் குளிர்காலத்தில் கோட்டுப் பையில் கிடந்த கருவியில் அந்த லிக்விட் இன்னும் கெட்டிப்படும். அதனால் ஆவி கூடட்டும் என்று வாங்கிய லிக்விடே ஆவியைக் கெடுத்துவிடும். சிகரெட் போல வாயில் இழுத்துப் பிறகு உள்ளே எடுக்கும் சின்னக் கருவிகளுக்குப் பாதிக்குப் பாதி கலவைதான் சரி. நேரடியாக நெஞ்சுக்குள் இழுக்கும் பெரிய டேங்குகளுக்கு, 1 ஓமுக்குக் கீழே உள்ள காயில்களுக்கு 70 சதவீதம் வி.ஜி. பொருந்தும். அவற்றின் துளைகள் பெரியவை.

இனிப்பு லிக்விட் பற்றி ஒரு வார்த்தை. மாம்பழம், கஸ்டர்ட் என்று நாக்கில் ஒட்டும் இனிப்போடு வருபவற்றில் பெரும்பாலும் சுக்ரலோஸ் சேர்த்திருப்பார்கள். அது ஆவியாகாமல் காயில் மேல் கருஞ்சாந்தாகப் படிந்துவிடும். காயில் சீக்கிரம் சாக, ஆவி நாளுக்கு நாள் மங்க, இதைவிடப் பெரிய காரணம் வேறு இல்லை என்பேன். என்னைக் கேட்டால் இனிப்புக் குறைந்த புதினாவோ புகையிலைச் சுவையோ போதும்.

அடுத்தது சூடு. காயிலின் உடம்பிலேயே "0.8 ஓம், 12–16 வாட்" என்கிற மாதிரி அச்சடித்திருப்பார்கள். பலர் அதைப் பார்ப்பதே இல்லை. கீழ் எண்ணில் தொடங்குங்கள். ஆவி போதவில்லை என்றால் ஒவ்வொரு வாட்டாக ஏற்றுங்கள். வாசனை நன்றாகத் தெரிந்து, ஆவி இளஞ்சூடாக வந்து, தொண்டை எரியாத இடத்தில் நிறுத்திவிடுங்கள். மேல் எண்ணைத் தாண்டிப் போனால் பஞ்சு கொண்டுவருவதைவிட வேகமாகக் காயில் லிக்விடைத் தீர்த்துவிடும். மறுபடியும் அதே காய்ந்த திரி.

வாட் மாற்றும் வசதியே இல்லாத எளிய கருவிகள் சிலவற்றில் வேறு ஒரு சிக்கல் உண்டு. "காலையில நல்லா வருது, சாயங்காலம் ஆனா செத்துப்போகுது" என்பார்கள். கணக்கு எளிது. மின்னழுத்தத்தை அதாலேயே பெருக்கி, காயிலின் ஓமால் வகுத்தால் வாட் வரும். முழுதும் ஏறிய லித்தியம் பேட்டரி 4.2 வோல்ட் தரும். 1.2 ஓம் காயிலில் அது 14.7 வாட். பேட்டரி 3.4 வோல்ட்டுக்கு இறங்கினால் அதே காயிலில் 9.6 வாட்தான். மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விட்டது! கருவி பழுதாகவில்லை, சார்ஜ் போட்டால் போதும். உள்ளே கட்டுப்பாட்டுச் சில்லு உள்ள கருவிகள் கடைசி வரைக்கும் ஒரே வாட்டைத் தரும். இனிமேல் வாங்குகிறவர்கள் அப்படிப்பட்டதையே கேட்டு வாங்குங்கள். காயிலும் பேட்டரியும் தொடும் உலோக முனைகளில் லிக்விட் கசிந்து பிசுபிசுக்கும். வாரம் ஒருமுறை காது குடையும் பஞ்சுக்குச்சியால் துடைத்துவிடுங்கள்.

காற்றுத் துளையைத் திறந்தால் ஆவி குளிர்ச்சியாகவும் கூடுதலாகவும் வரும், மூடினால் சூடாகவும் இறுக்கமாகவும் வரும். சிகரெட்டிலிருந்து வந்தவர்களுக்கு ஆரம்பத்தில் இறுக்கம்தான் பிடிக்கும்.

இழுக்கும் விதம்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறும் இடம். சிகரெட்டைச் சுருக்கென்று வேகமாக இழுத்துப் பழகிய வாய் வேப்பையும் அப்படியே இழுக்கிறது. அந்த வேகத்தில் லிக்விட் ஆவியாகும் முன்பே குழாய்க்குள் ஏறிவிடும். களகளவென்று சத்தம் வரும், வாயில் கசப்பாகத் தெறிக்கும். ஆவி மட்டும் வராது. மெதுவாக, மூன்று நான்கு விநாடி நீளத்துக்கு, தேநீர் உறிஞ்சும் அவசரம்கூட இல்லாமல் இழுத்துப் பாருங்கள். களகளச் சத்தம் ஏற்கெனவே வந்துவிட்டால் டேங்கைக் கழற்றி, காகிதக் கைக்குட்டையில் சுற்றி ஓர் உதறு உதறினால் தேங்கியது வெளியே வந்துவிடும்.

இவ்வளவையும் சரிசெய்த பிறகும் சிலர் "இன்னும் பத்தலை" என்பார்கள். அவர்களிடம் நான் முதலில் கேட்பது லிக்விடில் நிகோட்டின் எவ்வளவு என்றுதான். ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் சிகரெட் பிடித்தவர் சின்ன பாடில் 3 மில்லிகிராம் லிக்விட் ஊற்றி இழுத்துக்கொண்டிருப்பார். அவருக்குக் குறைவது ஆவி இல்லை, நிகோட்டின். உடம்பு கேட்பதை அவர் ஆவியின் குறை என்று புரிந்துகொள்கிறார். வாட்டை ஏற்றுவார், காயிலைக் கருக்குவார், கடைசியில் சிகரெட் வாங்கப் போய்விடுவார். பிரிட்டனில் ஒரு மில்லி லிட்டருக்கு 20 மில்லிகிராம்தான் சட்டம் அனுமதிக்கும் உச்சம். நிறையச் சிகரெட் பிடித்தவர்கள் சின்னக் கருவியில் அந்த அளவில் தொடங்குவது வழக்கம். நிகோட்டின் சால்ட் என்று எழுதியிருக்கும் லிக்விட் அந்த அளவிலும் தொண்டையை அவ்வளவாக உறுத்தாது. பெரிய டேங்கில் இதைச் செய்யவே கூடாது. அங்கே ஓர் இழுப்புக்கு லிக்விட் பல மடங்கு போகிறது, 3 அல்லது 6 மில்லிகிராமே போதும். தலைசுற்றல், குமட்டல், விக்கல் வந்தால் நிகோட்டின் கூடிவிட்டது என்று அர்த்தம். உடனே கீழே வைத்துவிடுங்கள்.

மேகம் மேகமாக விடுவது நல்ல ஆவிக்கு அடையாளம் என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. சிகரெட்டுக்குத் திரும்ப விடாமல் நம்மை நிறுத்திவைப்பதுதான் நல்ல ஆவி. மாஸ்டர் இப்போது இழுப்பதில் வெளியே வருவது கொஞ்சம்தான், ஆனால் சமையலறைப் பின்கதவுக்கு வெளியே நின்று சிகரெட் பற்றவைப்பதை அவர் நிறுத்திவிட்டார்.

இதையெல்லாம் இவ்வளவு அக்கறையாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2019இல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஹாயெக் தலைமையிலான குழு 886 பேரை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டது. ஒரு பிரிவினருக்கு நிகோட்டின் பட்டை, சூயிங் கம் போன்றவை. இன்னொரு பிரிவினருக்கு லிக்விட் ஊற்றிப் பயன்படுத்தும் வேப். இரு பிரிவுக்கும் ஆலோசகர் உதவியும் இருந்தது. ஓராண்டு கழித்து வேப் பிரிவில் 18 சதவீதம் பேர் புகையை விட்டிருந்தார்கள், மற்றதில் 9.9 சதவீதம். ஏறத்தாழ இரட்டிப்பு. ஆனால் வேப் பிரிவில் புகையை விட்டவர்களில் 80 சதவீதம் பேர் அப்போதும் வேப் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. வேப் தீங்கே இல்லாதது என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். சிகரெட்டோடு ஒப்பிட்டால்தான் அது மேல். காலையில் சிகரெட், மாலையில் வேப் என்று இரண்டையும் வைத்துக்கொண்டால் பெரிதாக எந்த நன்மையும் இல்லை.

கருகிய ஆவியைச் சகித்துக்கொண்டு இழுக்காதீர்கள் என்று நான் வற்புறுத்துவதற்கும் ஆதாரம் உண்டு. 2015இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு கருவியை 3.3 வோல்ட்டிலும் 5 வோல்ட்டிலும் ஓட்டிப் பார்த்தார்கள். குறைந்த அழுத்தத்தில் ஃபார்மால்டிஹைடு சேர்மங்கள் தென்படவில்லை, 5 வோல்ட்டில் நிறையவே இருந்தன. கிரேக்க மருத்துவர் ஃபர்சலினோஸ் அதே ஆண்டில் இன்னொரு ஆய்வில் காட்டியது இது: அந்த நச்சு பெருமளவில் உண்டாவது பஞ்சு காய்ந்து கருகும் நிலையில்தான், அந்தத் தீய்ந்த சுவையை மனிதர்கள் சட்டென்று கண்டுபிடித்து இழுப்பதை நிறுத்திவிடுவார்கள். ஆக, அந்தத் தீய்ந்த வாடை ஓர் எச்சரிக்கை. காயில் விலையை நினைத்து அதை இன்னும் ஒரு வாரம் ஓட்டலாம் என்று பார்க்காதீர்கள்.

இன்னும் சில எச்சரிக்கைகள். வீட்டில் இருக்கும் கேக் எசன்ஸ், யூகலிப்டஸ் தைலம், எந்த எண்ணெயையும் டேங்கில் கலக்காதீர்கள். நுரையீரலுக்கு எண்ணெய் ஆகவே ஆகாது. 2019இல் அமெரிக்காவில் வேப் பிடித்த ஏராளமானோர் நுரையீரல் பாதிக்கப்பட்டு மருத்துவமனையில் சேர்ந்தார்கள். 2020 பிப்ரவரி வரையிலான கணக்கில் 68 பேர் இறந்திருந்தார்கள். பெரும்பாலும் கள்ளச்சந்தையில் வாங்கிய கஞ்சாச் சத்துக் குப்பிகளில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிட்டேட் என்ற எண்ணெய்ப் பொருளே அதற்கு முக்கியக் காரணம் என்று கண்டறிந்தார்கள். முகவரி இல்லாத இடத்தில் லிக்விட் வாங்காதீர்கள். கழற்றி மாட்டும் பேட்டரியைச் சாவி, சில்லறையோடு ஒரே பையில் போடாதீர்கள், உலோகம் பட்டு ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம். பேட்டரியின் மேலுறை கிழிந்திருந்தால் அதைப் பயன்படுத்தாதீர்கள். லிக்விட் பாட்டிலைக் குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள், உள்ளே இருப்பது விஷம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் வேப்புகளை விற்பது பிரிட்டனில் 2025 ஜூன் 1 முதல் தடை. இன்னமும் மேசைக்கடியில் வைத்து விற்பவரிடம் வாங்க வேண்டாம்.

ஊருக்குப் போகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. இதை மச்சானுக்கும் மாமாவுக்கும் பரிசாகப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோகாதீர்கள். இந்தியாவில் 2019 முதல் மின்சிகரெட் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாமே தடை. முதல் தடவை பிடிபட்டாலே ஓராண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். சிங்கப்பூர் வழியாகப் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், அங்கே கையில் வைத்திருப்பதே குற்றம். தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிக்கிறவர் புகையை விட நினைத்தால் இந்தக் கருவியைத் தேடி அலைய வேண்டாம். நிகோட்டின் சூயிங் கம் மருந்துக் கடையில் கிடைக்கும், மருத்துவரிடம் கேட்டுப் பயன்படுத்துங்கள். மத்திய அரசின் புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356. கட்டணம் கிடையாது, கூப்பிடுங்கள்.